கல்லீரல் கட்டிக்குச் சூட்டு சிகிச்சை: பக்கத்து உறுப்புகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்

வயிற்றைத் திறக்காமல், ஊசி வழியே சூடு செலுத்திக் கல்லீரல் கட்டியை அழிக்கலாம் என்றதும், நாகர்கோவிலில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, கட்டி முழுதாகப் போய்விடுமா என்பதைத்தான். அந்தக் கட்டியை ஒட்டி என்ன இருக்கிறது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சூட்டை உண்டாக்குவது ரேடியோ அலையானாலும் மைக்ரோவேவ் ஆனாலும், வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் திசு வெந்து செத்துவிடுகிறது. ஓரத்தில் புற்றுச் செல்கள் மிஞ்சாதிருக்க, கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல கல்லீரலையும் சேர்த்தே சுட வேண்டியிருப்பதால், கட்டி விளிம்பில் இருந்தால் அந்தச் சூடு பித்தப்பை, இரைப்பை, உதரவிதானம், பெருங்குடல் ஆகியவற்றை எட்டக்கூடும். இவற்றில் நான் அதிகம் அஞ்சுவது பெருங்குடலுக்குத்தான். அதன் சுவர் மெல்லியது, சிறுகுடலைப் போல எளிதில் நழுவி விலகுவதும் இல்லை.

ஆகவே, சுடுவதற்கு முன் மெல்லிய ஊசியால் கல்லீரலுக்கும் குடலுக்கும் நடுவே திரவம் செலுத்துகிறோம். அல்ட்ராசவுண்ட் திரையில் இரண்டுக்கும் இடையே ஒரு கறுப்புக் கோடு தோன்றி, மெல்ல அகன்று பட்டையாகும். ரேடியோ அலைச் சிகிச்சையில் உப்புச் சலைன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நம் மக்கள் 'குளுக்கோஸ்' என்று சொல்லும் அதே திரவத்தையே பயன்படுத்துகிறோம். திரவம் வழிந்து விலகிவிடும். பட்டை சுருங்கினால் மீண்டும் செலுத்தியாக வேண்டும்.

பழைய அறுவை சிகிச்சையால் குடல் கல்லீரலோடு ஒட்டியிருந்தால் இந்த வழி பலிக்காமல் போகலாம். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், விலாவுக்குக் கீழிருந்த தழும்பைப் பற்றிக் கேட்டபோது, "அது பண்டு நடந்த ஆப்பரேஷன் சாரே" என்று ஒதுக்கிவிடப் பார்த்தார். எவ்வளவு திரவம் செலுத்தியும் குடல் விலகவில்லை. சுடாமல் நிறுத்தி, அறுவை மருத்துவரோடு கலந்து வேறு வழி பார்த்தோம். எத்தனை ஆண்டு பழையதானாலும் வயிற்று அறுவை சிகிச்சையையும், பித்தநாளத்தில் வைத்த குழாயையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பித்தநாளத்தில் இப்படிச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சுட்ட இடத்தில் சீழ் கட்டும் அபாயம் கூடுதல்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் லேசான காய்ச்சலும் வலது தோள் வலியும் வரலாம். ஆனால் சூடுபட்ட குடல் சில நாள் கழித்தே ஓட்டையாகலாம். வலி கூடிக்கொண்டே போனாலோ, வயிறு உப்பினாலோ, குளிர்காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கண்டாலோ, 'கேஸ்' என்று எண்ணி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றிருந்தாலும் அங்கே போய்ச் சேரும்வரை பொறுக்காமல், சி.டி. ஸ்கேனும் அறுவை மருத்துவரும் உள்ள பக்கத்து மருத்துவமனைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு உடனே செல்லுங்கள்.