கிளட்ச் கேபிள்: கம்பி இழுக்கிறது, உறை தாங்குகிறது

காரின் கிளட்ச் கேபிள் அறுந்தால் எல்லோரும் பார்ப்பது உள்ளிருக்கும் முறுக்குக் கம்பியைத்தான். ஆனால் வேலையில் சரிபாதி உறையினுடையது. பிரிட்டனில் எர்னஸ்ட் போடன் 1896-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், பெடலை மிதிக்கும்போது கம்பி எவ்வளவு விசையுடன் இழுக்கப்படுகிறதோ, அவ்வளவு விசையுடன் எஃகுச் சுருளாலான உறை நீளவாட்டில் அழுத்தப்படுகிறது. உறையின் ஒரு முனை பெடலுக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரிலும், மறுமுனை கியர்பாக்ஸில் உள்ள பிராக்கெட்டிலும் அசையாமல் முட்டி நிற்பதால்தான், வளைந்து நெளிந்து செல்லும் கம்பியால் கிளட்ச் நெம்புகோலை நகர்த்த முடிகிறது.

வளைவுகள் கூடக்கூட உராய்வு பெருகும். உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், மொத்தம் 180 பாகை வளைவுக்கு ஏறக்குறைய 37 சதவீதமும், 360 பாகைக்கு 87 சதவீதமும் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். எனவே பழைய கேபிளைக் கழற்றுவதற்கு முன், அது சென்ற வழியைப் படம் எடுத்துக்கொள்வது மிக அவசியம். புதியதும் அதே வழியில், சூடான எக்ஸாஸ்ட் குழாயைத் தொடாமல் செல்ல வேண்டும்.

கம்பி பெரும்பாலும் முனைக் குமிழுக்கு அருகில்தான் இழை இழையாகப் பிரிந்து அறுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் மீண்டும் மீண்டும் வளையும் இடம் அது. சக்கரங்களுக்கு அடைகொடுத்து, கியர்பாக்ஸ் பக்கம், கேபிளைச் சரிசெய்த நிலையில் பூட்டி வைக்கும் லாக் நட்டைத் தளர்த்திக் கம்பியை நெம்புகோலிலிருந்து விடுவித்து, பின் பெடல் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டும். காருக்கு அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கை மட்டும் ஒருபோதும் நம்பக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். நைலான் உள்பூச்சுள்ள கேபிளுக்குள் எண்ணெய் விடத் தேவையில்லை, பெடல் கொக்கியில் சிறிது கிரீஸ் போதும்.

நுட்பமான வேலை ஃப்ரீ பிளே வைப்பதுதான். தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு இல்லாத கார்களில், கையால் பெடலை அழுத்தும்போது எதிர்ப்பு தொடங்கும் வரை உள்ள அந்தத் தளர்வு, காரின் கையேடு சொல்லும் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசி, கிளட்ச் வழுக்கும். கூடினால் கிளட்ச் முழுதாக விடுபடாமல், ரிவர்ஸ் கியர் போடும்போது பற்கள் கரகரக்கும். கம்பி நீண்டால் இத்தளர்வு கூடுகிறது, கிளட்ச் தட்டு தேய்ந்தாலோ குறைகிறது. புதிய கேபிளும் உறையும் பழகும்போது சற்றுத் தளரும் என்பதால், பெடலைப் பலமுறை மிதித்துவிட்டும், சில நாட்கள் ஓட்டிய பிறகும் மறுபடி அளப்பது நல்லது.

கழற்றிய கேபிளின் பிளாஸ்டிக் பூச்சு உருகிப்போயிருந்தால், எஞ்சினைக் காரின் உடற்பகுதியோடு மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் பட்டையைச் சோதிக்க வேண்டும். அந்தப் பட்டை துருப்பிடித்தோ அறுந்தோ இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் கேபிளின் வழியே பாய்ந்து அதைச் சூடாக்கும். பட்டையைச் சரிசெய்யாமல் மாட்டிய புதிய கேபிளும் அவ்வாறே கருகும்.