சர்க்யூட் என்றால் வால்வு மட்டும் இல்லை

"ண்ணா, மூணாவது பர்ஜ் வால்வும் மாத்தியாச்சு. செக் இன்ஜின் லைட்டு மட்டும் போவ மாட்டேங்குது."

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த டாக்ஸி ஓட்டும் தம்பி, கழற்றிய வால்வுகளை ஒரு பையிலிருந்து எடுத்து என் பெஞ்சில் வைத்தார். வண்டியோடு வந்தது ஒன்று, பிறகு போட்டுக் கழற்றியவை இரண்டு; மூன்றாவது புதுசு வண்டியில். மூன்றையும் மீட்டரில் பிடித்தேன். 26 ஓம், 25 ஓம், 26 ஓம். ஒன்றில்கூடக் குறையில்லை. இப்படி வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

ஸ்கேனரில் வந்த கோடு (கோளாறு எண்) பி0443. பர்ஜ் வால்வின் கன்ட்ரோல் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாதான் கேனிஸ்டர்; அந்த ஆவியை இன்ஜினுக்குள் விடும் சின்ன மின் வால்வுதான் பர்ஜ் வால்வு. 'பர்ஜ் வால்வு' என்ற சொல்லைப் படித்ததும் கடைக்கு ஓடுகிறார்கள். அதற்குப் பின்னால் வரும் 'சர்க்யூட்' என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை. ஃப்யூஸ், மெயின் ரிலே, அங்கிருந்து வால்வுக்கு வரும் வயர், கப்ளர் (வயரை வால்வில் மாட்டும் பிளக்), வால்வுக்குள் இருக்கும் காயில், காயிலிலிருந்து ஈசிஎம்முக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) போகும் வயர், கடைசியில் ஈசிஎம். இத்தனையும் சேர்ந்ததுதான் சர்க்யூட். இதில் எங்கே அறுந்தாலும் இதே கோடு வரலாம். வால்வுக்குள் அடைப்பு இருந்தால் வழக்கமாக வருவது வேறு கோடு, பி0441. மின்சாரக் கோளாறுக்குச் சோதிக்காமல் வால்வை மாற்றுவது, வீட்டில் ஒயர் அறுந்திருக்க பல்பை மாற்றிக்கொண்டே இருப்பது போல.

"மாத்தினதும் ரெண்டு நாள் லைட் வரலியேண்ணா" என்றார் தம்பி. எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வால்வை மாற்றும்போது கப்ளரைப் பிடித்து இழுக்கிறோம், வயர் அசைகிறது, விட்டுப்போன இழை மறுபடி தொட்டுக்கொள்கிறது. ஸ்கேனரில் அந்தக் கோடையும் அழித்துவிடுகிறோம். பிறகு எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளங்களில் இரண்டு நாள் ஓடினால் மறுபடி விட்டுப்போகிறது. லைட் அணைந்திருந்த அந்த இரண்டு நாளுக்கும் புது வால்வுக்கும் சம்பந்தமே இல்லை.

கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னில் (பிளஸ் வரும் முனையில்) மீட்டர் வைத்தேன். 12.4 வோல்ட் காட்டியது. பல மெக்கானிக்குகள் இதைப் பார்த்ததும் 'கரண்ட் வருது' என்று நிறுத்திவிடுகிறார்கள். மீட்டர் இழுப்பது கொஞ்சூண்டு கரண்ட். ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். வால்வுக்கு வேண்டியது அரை ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட. அதனால் சப்ளை பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே 5 வாட் பார்க் லைட் பல்பு ஒன்றை மாட்டினேன். பல்பு மங்கலாகச் சிவந்தது. மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. பல்பு எரிய எரிய ஹார்னஸை (வயர்க் கட்டை) கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போனேன். ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு அடியில் தொட்டதும் அணைந்தது. கிளிப் உடைந்து, பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. நாலைந்து இழைதான் மிச்சம்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தப் பச்சை புதிதல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கப்ளர்களைக் கழற்றியே பாருங்கள். அழுகிய பகுதியை வெட்டி, புது வயர் சால்டர் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, புது கிளிப்பும் மாட்டினேன். வண்டியோடு வந்த பழைய வால்வையே திரும்பப் பொருத்தினேன்.

தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. ஈசிஎம் பக்கத்து வயருக்கு பேட்டரி பிளஸ்ஸை நேராகக் கொடுக்காதீர்கள். ஈசிஎம் அந்த வயரை எர்த் செய்துதான் வால்வைத் திறக்கிறது. நடுவில் காயில் இல்லாமல் பிளஸ் போனால் ஈசிஎம்முக்குள் இருக்கும் டிரைவர் (வால்வை இயக்கும் மின் சுவிட்ச்) எரிந்துபோகலாம். வயரின் தோலில் ஊசி குத்தி டெஸ்ட் பண்ணாதீர்கள். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு அந்த ஓட்டை போதும். கப்ளரின் பின்பக்கத்திலிருந்து பின்னில் மெல்லிய பிரோப் (மீட்டர் முனை) வையுங்கள்.

வண்டிக்காரர்களே, 'ஓடுதே, லைட் எரிஞ்சா எரியட்டும்' என்று விடாதீர்கள். பர்ஜ் நடக்காவிட்டால் கேனிஸ்டரில் உள்ள கரி பெட்ரோல் ஆவியால் நிரம்பி, மிச்ச ஆவி வெளியே போகும். மணலி ஆலைக் காற்றைச் சுவாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதுவும் சேர வேண்டாம். புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்கிறார்கள். அந்தச் சோதனை சைலன்ஸரில் வரும் புகையை மட்டும்தான் பார்க்கும். தவிர, லைட் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தால் நாளைக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) வந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அதற்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகலாம்.

வால்வு மாற்றணும் என்று யாராவது சொன்னால் ஓம் எவ்வளவு, லோடில் (பல்பு மாட்டிப் பார்த்தால்) வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள். கோபப்பட்டால் வேறு கடை பாருங்கள். பங்க்கில் நாசில் 'டக்'கென்று நின்ற பிறகு, ரவுண்டாகப் போடுங்க என்று கேட்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியை ஊறவைத்துவிடலாம்.