நேர்த்திக்கடனும் 85 வினாக்களும்: என்கிளெக்ஸ் எழுதவிருக்கும் வன்னித் தாதியருக்கு

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளில் கடமையாற்றும் இளம் தாதிய உத்தியோகத்தர்களின் பேச்சில் என்கிளெக்ஸ் (NCLEX) என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அமெரிக்காவில் பதிவுபெற்ற தாதியாகப் பணிபுரிவதற்கான உரிமத்தைப் பெற இந்தப் பரீட்சையில் சித்தியெய்த வேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 இலிருந்து இதையே கேட்கின்றன. வன்னியில் நீண்டகாலம் வைத்தியசாலை வாட்களில் வேலை செய்தவள் என்ற முறையிலும், இதற்குப் படிக்கும் இளையவர்களோடு சில காலமாக அமர்ந்து வருபவள் என்ற முறையிலும் இதனை எழுதுகிறேன்.

என்னிடம் வருபவர்களில் நேர்த்தி வைக்காமல் புத்தகத்தைத் திறந்தவர்கள் மிகச் சிலர். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல், மடு மாதாவுக்கு மெழுகுதிரி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கடன் இருக்கிறது. நானும் ஏ-9 வீதியால் போகும்போது முறிகண்டியில் இறங்காமல் போவதில்லை. ஆகவே நம்பிக்கை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பரீட்சையின் எந்தப் பகுதியைக் கடவுளிடம் விடலாம், எந்தப் பகுதியை விடவே கூடாது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம் பணத்தையும் காலத்தையும் தின்றுவிடுகிறது.

முதலில் கடவுளிடம் விடக்கூடாதது பெயர். வன்னியில் இது சிறிய விடயமன்று. 2009 வரையான இடப்பெயர்வுகளில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பாடசாலைச் சான்றிதழ்களும் தொலைந்து, பின்னர் பிரதிகளாக எடுத்த குடும்பங்கள் ஏராளம். ஒரே பிள்ளையின் பெயர் ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னாலும், இன்னொன்றில் முதலெழுத்துகளாகச் சுருங்கியும், வேறொன்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியும் கிடக்கும். பரீட்சைக்கான அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், பரீட்சை நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்; கட்டிய பணமும் போய்விடும். கடவுச்சீட்டை முதலில் எடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா விண்ணப்பங்களிலும் பயன்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால், படிக்கத் தொடங்குவதற்கு முன்னரே சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். தகைமைகளை மதிப்பிடும் நிறுவனம் உங்கள் தாதியர் கல்லூரியிலிருந்து ஆவணங்களைக் கேட்டு, அவை போய்ச் சேரும் காலம் நீளக்கூடியது. அந்த அலைச்சலை நடத்திக்கொண்டேதான் படிக்க வேண்டியிருக்கும்.

இனிப் பரீட்சை நடக்கும் விதம். இதை விளங்கிக்கொள்ளாதவர்கள்தான் மண்டபத்தில் நடுங்குகிறார்கள். என்கிளெக்ஸ் எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைத் தருவதில்லை. நீங்கள் சரியாக விடையளித்தால் கணினி அடுத்து சற்றுக் கடினமான வினாவைத் தரும். பிழைத்தால் சற்று இலகுவானதைத் தரும். உங்கள் திறமை சித்தி எல்லைக்கு மேலா கீழா என்பதை 95 வீத உறுதியுடன் தீர்மானிக்க முடிந்ததும் பரீட்சை நின்றுவிடும். ஆகக் குறைந்தது 85 வினாக்கள், ஆகக் கூடியது 150, மொத்த நேரம் ஐந்து மணித்தியாலம். விடையளித்த வினாவுக்குத் திரும்பிப் போக முடியாது. 85 வினாக்களில் 15 புள்ளிக்குச் சேராத பரிசோதனை வினாக்கள். அவை எவை என்று யாருக்கும் தெரியாது.

இதன் விளைவு என்னவென்றால், நன்றாகப் படித்தவருக்கும் பரீட்சை முழுவதும் கடினமாகவே இருக்கும். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்து பழகியவர்கள் முப்பதாவது வினாவில் கலங்கிப்போவதற்குக் காரணம் இதுதான். தெரியாத வினாக்கள் வருவதே தோல்விக்கு அறிகுறி என்று எண்ணிவிடுகிறார்கள். 85 இல் நின்றால் சித்தி, 150 வரை போனால் தோல்வி என்ற கதையும் பொய். 85 இல் தோற்றவர்களும் உண்டு, 150 வரை போய்ச் சித்தியெய்தியவர்களும் உண்டு. 86 ஆவது வினா திரையில் தோன்றும்போது நெஞ்சு படபடக்கும் அல்லவா, நம்பிக்கைக்கு உரிய இடம் அதுதான். உங்களால் மாற்ற முடியாததைக் கடவுளிடம் விட்டுவிட்டு, கண்முன் வினாவில் உள்ள நோயாளியைப் பாருங்கள்.

அந்த நோயாளியைப் பார்ப்பதில்தான் நமது வாட் பழக்கம் குறுக்கே நிற்கிறது. எங்கள் படிப்புக் குழுவில் நான் அடிக்கடி கொடுக்கும் ஒரு வினாவைச் சொல்கிறேன். நான்கு நோயாளர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு நேற்று இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சை நடந்தது. வலி பத்துக்கு ஏழு என்கிறார். இன்னொருவர் நாட்பட்ட சுவாசத்தடை நோயாளி. ஒட்சிசன் செறிவு 90 வீதம். மூன்றாமவருக்கு நேற்றுத் தைரொயிட் சுரப்பியை அகற்றினார்கள். உதட்டைச் சுற்றி விறைக்கிறது என்கிறார். நான்காமவர் வீடு செல்லவிருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும் துண்டு இன்னும் வரவில்லை என்று உறவினர்கள் சத்தம் போடுகிறார்கள். யாரிடம் முதலில் போவீர்கள்?

நம்முடைய வாட்டில், உண்மையைச் சொன்னால், சத்தம் போடும் உறவினர்களிடம்தான் கால் முதலில் போகும். அல்லது வலியால் முனகுபவரிடம் போகும். குழுவில் பலர் 90 வீதத்தைப் பார்த்துப் பதறி இரண்டாமவரைத் தெரிவு செய்வார்கள். ஆனால் அந்த நோய் உள்ளவருக்கு 88 முதல் 92 வீதம் வரை எதிர்பார்க்கத்தக்கதே. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் வலியும் எதிர்பார்க்கத்தக்கதே. உதடு விறைப்பதுதான் எதிர்பாராதது. தைரொயிட்டை அகற்றும்போது அதன் பின்னாலுள்ள பரா தைரொயிட் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். குரல்வளை இறுகி மூச்சே நின்றுவிடக்கூடும். அமைதியாக, முறைப்பாடு போலக்கூட இல்லாமல் சொல்லும் மூன்றாமவரிடமே முதலில் போக வேண்டும்.

இப்படியான சிந்தனை நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வயல் வேலைக் காலத்தில் கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவரை இரவில் கொண்டுவந்து போடும்போது நமது தாதி என்ன செய்கிறாள்? சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு தரம் சரித்துப் பார்க்கிறாள். உறையாவிட்டால் உடனே வைத்தியருக்கு அறிவிக்கிறாள். கண்ணிமை தொங்குகிறதா, முரசிலிருந்து இரத்தம் கசிகிறதா, சிறுநீரின் நிறம் மாறுகிறதா என்று விடியும்வரை பார்க்கிறாள். விசநீக்கி ஏற்றும்போது ஒவ்வாமைக்கான மருந்தை எடுத்துப் பக்கத்தில் தயாராக வைத்திருக்கிறாள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய முறைப் பரீட்சை கேட்பதும் இதையேதான்: அறிகுறியைக் கண்டுகொள்வது, அதைப் பகுத்தாராய்வது, எது முதன்மையானது என்று தீர்மானிப்பது, என்ன செய்யலாம் என்று வகுப்பது, செய்வது, பலனைப் பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் வரும் மூன்று நோயாளர் வரலாறுகளில் தலா ஆறு வினாக்கள் இந்த ஆறு படிகளிலேயே அமையும். பாம்புக்கடி அங்கு வினாவாக வருவது அரிது. ஆனால் அந்த இரவில் வேலை செய்த மூளையைத்தான் அங்கேயும் கொண்டு போகிறீர்கள். தன்மீது நம்பிக்கை வேண்டும் என்று வெறுமனே சொல்வதைவிட, அதற்கு இப்படி ஓர் ஆதாரம் இருப்பது நல்லது.

நாம் அறியாதவை வேறு சில உண்டு. நாம் பரசிற்றமோல் என்று கொடுப்பதை அவர்கள் அசிற்றமினோஃபென் என்பார்கள். சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றரோல், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், பெத்திடின் அங்கே மெபெரிடின். மருந்துகள் பற்றிய பகுதி 13 முதல் 19 வீதம் வரை வருவதால் இந்தப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி மனனம் செய்தே ஆக வேண்டும். பராமரிப்பை முகாமை செய்தல் என்ற பகுதி 15 முதல் 21 வீதம். எந்த வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம் என்பது அங்கு கேட்கப்படும். நோயாளியை மதிப்பிடுவதையும், நோயாளிக்குக் கற்பிப்பதையும் பதிவுபெற்ற தாதி பிறரிடம் விட முடியாது. ஆட்பற்றாக்குறையில் நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகளை மண்டபத்துக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பொருந்தும் எல்லாவற்றையும் தெரிவு செய்க என்ற வகை வினாவில், சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் அடையாளமிட்டு வைக்கும் பழக்கமும் ஆகாது. பிழையான தெரிவு, சரியானதற்குக் கிடைத்த புள்ளியைக் கழித்துவிடும்.

படிப்புக்கு நேரம் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். இன்று காலை ஏழு மணிக்கு, நாளை மதியம் ஒரு மணிக்கு, அதன்பின் இரவு என்று மாறும் கடமையில் நிலையான படிப்பு நேரம் வைப்பது வீண். என் அனுபவத்தில், தினமும் விளக்கேற்றும் அல்லது செபமாலை சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் இதில் சற்று முன்னால் நிற்கிறார்கள். எந்தக் கடமை முடிந்து வந்தாலும் குளித்து, கும்பிட்டு, அதே பாயில் இருந்தபடியே கொஞ்ச வினாக்களைச் செய்து, பிழைத்தவற்றின் விளக்கத்தை வாசித்துவிட்டு எழும்புவது அவர்களுக்கு ஒரே காரியமாகிவிடுகிறது. இரவுக் கடமை முடிந்த பகலில் மட்டும் படிக்காமல் தூங்குங்கள். அன்றைக்குப் படித்தது தலையில் நிற்காது. குறிப்புகளை வாசித்துக்கொண்டே இருப்பதைவிட வினா செய்து விளக்கம் வாசிப்பதே பலன் தரும்.

அடுத்து, கூசாமல் சொல்ல வேண்டிய ஒன்று. பரீட்சையில் வந்த வினாக்கள் எங்களிடம் உண்டு, சித்தி உறுதி என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களை நம்பாதீர்கள். வினா வங்கி மிகப் பெரியது, அடுத்தவருக்கு வந்தது உங்களுக்கு வருமென்ற நிச்சயமில்லை. வினாக்களை வெளியிடமாட்டேன் என்று ஒவ்வொரு பரீட்சார்த்தியும் ஒப்புக்கொண்டே எழுதுகிறார். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில், 7,600 இற்கும் அதிகமான போலித் தாதியர் சான்றிதழ்களை விற்றது தொடர்பாக 25 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவற்றை வாங்கியவர்களில் பலர் என்கிளெக்ஸில் சித்தியெய்தி வேலையிலும் இருந்தார்கள். உரிமம் பறிபோனபோது எல்லாம் போயிற்று. அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வினாத்தாள் வாங்குபவரை என்னால் விளங்கிக்கொள்ள முடிவதில்லை. பதிவு செய்வதற்குத் தரகர் தேவையே இல்லை. அமெரிக்க மாநிலமொன்றின் தாதியர் வாரியத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். பரீட்சைக் கட்டணம் 200 அமெரிக்க டொலர், அந்நாட்டுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டொலர். பாடத்திட்டம் பரீட்சையை நடத்தும் தேசிய சபையின் (NCSBN) இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

திகதி தெரிவு செய்வதில் சாத்திரியாரை இழுக்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. அனுமதிக் கடிதம் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும். அட்டமத்துச் சனி கழியட்டும் என்று ஒரு தங்கச்சி காத்திருந்து, அந்தக் காலம் கடந்து, மீண்டும் முழுக் கட்டணமும் கட்டினாள். சென்னை உள்ளிட்ட சில இந்திய நகரங்களில் பரீட்சை நிலையங்கள் இருப்பதால் நம்மவர்கள் பலாலியிலிருந்தோ கட்டுநாயக்காவிலிருந்தோ போகிறார்கள். விசா, பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் திகதி எடுக்க வேண்டும். முதல்நாளே போய் இறங்கி, நிலையம் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து தூங்குங்கள்.

பரீட்சை நாளன்று விரதம் இருக்காதீர்கள். ஐந்து மணித்தியாலம் திரையைப் பார்த்துத் தீர்மானம் எடுக்கும் மூளைக்குச் சீனி வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்கும் நமக்கே இது தெரியாதா? விரதத்தை முந்திய வெள்ளியிலோ பிந்திய வெள்ளியிலோ பிடிக்கலாம். சாமிப் படம், செபப் புத்தகம், கைத்தொலைபேசி, கைக்கடிகாரம் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. இரண்டு மணித்தியாலத்தின் பின்பும் மூன்றரை மணித்தியாலத்தின் பின்பும் விரும்பினால் இடைவேளை எடுக்கலாம். அந்த நேரம் மொத்த நேரத்தில் கழியும் என்றாலும் எடுத்தே தீருங்கள். எழும்பி, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, கண்ணை மூடி ஒரு மந்திரமோ மங்கள வார்த்தை செபமோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்கள், கடைசி வினாக்களை அவசரப்பட்டு அடிக்காமல் வாசித்திருக்கிறார்கள்.

சித்தி கிடைக்காவிட்டால் அது கண்ணூறும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை. எந்தப் பகுதியில் எல்லைக்கு மேல், எதில் எல்லைக்கு அருகில், எதில் கீழ் என்று காட்டும் அறிக்கை ஒன்று வரும். அதைக் கிழித்தெறியாமல், கீழே உள்ள பகுதிகளை முதலில் எடுத்துப் படியுங்கள்; 45 நாட்கள் கழிந்தபின் மீண்டும் எழுதலாம். சித்தி கிடைத்தால் வற்றாப்பளைக்குப் போய் வைத்த கடனைத் தீர்த்துவிட்டு, ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிவு செய்யுங்கள். அமெரிக்க விசாவுக்கான தாதியர் தகைமைச் சான்றுக்கு அதன் பெறுபேறு வேண்டும். பெறுபேற்றின் செல்லுபடிக் காலத்தையும் விசாவுக்கான காத்திருப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தே திகதி எடுங்கள்.