மண்ணாங்கட்டி ஏன் கரையுது?

வியாசர்பாடி அக்கா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "தெருவோரம் செடி வெக்க மண்ணு கொட்டினோம்பா, ஒரே மழையில பாதி மண்ணு கால்வாய்க்குள்ள போயிடுச்சு. குப்பை உரம் போட்டா நிக்கும்னு சொல்றாங்க. மண்ணே நிக்கல, அதைவிட லேசான உரம் எப்படி நிக்கும்?"

நியாயமான கேள்வி. மொதல்ல மழையை சட்டுனு பாத்துடலாம். பெரிய மழைத்துளி 5 மில்லிமீட்டர் இருக்கும், தரையில விழறப்போ வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் கிட்ட, நம்ம பேசின் பிரிட்ஜ்ல ஷேர் ஆட்டோ போற வேகம்னு வெச்சுக்கங்க. வெறும் மண்ணுல விழுந்தா மண்ணு தெறிக்கும், தெறிச்ச பொடி சின்ன சின்ன ஓட்டையை எல்லாம் அடைச்சு பொருக்கு தட்டும், அப்புறம் தண்ணி எறங்க வழியில்லாம மேலயே ஓடும், ஓடறப்போ மண்ணையும் கூட்டிட்டு கேப்டன் காட்டன் கால்வாய்க்கு போயிடும். இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான்.

ஆனா ஒரு துளி கூட மேல விழாம, சும்மா தண்ணியில போட்டாலே காஞ்ச மண்ணாங்கட்டி உடைஞ்சு போகும் தெரியுமா? எனக்கு இந்த சமாச்சாரம்தான் ரொம்ப பிடிக்கும். போன மாசம் ரெண்டு கட்டி எடுத்தேன், ஒண்ணு தெருவுல பள்ளம் தோண்டின இடத்துலேர்ந்து, இன்னொண்ணு மொட்டை மாடியில மூணு வருஷமா சமையல் கழிவு மக்க வெச்சு போடற தொட்டியிலேர்ந்து. ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சு ரெண்டு கண்ணாடி டம்ளர் தண்ணியில விட்டேன். தெரு கட்டி குபுகுபுன்னு குமிழி விட்டுது, பக்கம் பக்கமா பேந்துச்சு, நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அடியில சேறு. தொட்டி கட்டி மறுநாள் காலையிலயும் அப்படியே உக்காந்திருக்கு, தண்ணி மட்டும் லைட்டா டீ கலர்.

அந்த குமிழிதான் விஷயமே. காஞ்ச கட்டிக்குள்ள இருக்கற சந்து பூரா காத்து. விளக்குத் திரியில எண்ணெய் ஏறற மாதிரி எல்லா பக்கத்துலேர்ந்தும் தண்ணி உள்ள பாயுது, நடுவுல மாட்டின காத்துக்கு போக வழியில்ல, நசுங்கி நசுங்கி கடைசியில கட்டியையே பிளந்துட்டு வெளிய வருது. மண்ணு கரையுதுன்னு நாம சொல்றோம், உண்மையில உள்ளேர்ந்து வெடிக்குது!

மக்கிய உரம் சேர்ந்த மண்ணுல ரெண்டு வேலை நடக்குது. உரத்தை தின்னு வளர்ற பாக்டீரியா பிசின் மாதிரி ஒண்ணை விடுது, பூஞ்சை இழை நூல் மாதிரி சுத்தி மண் துகளை கட்டி வெக்குது, அதனால காத்து முட்டினாலும் சட்டுனு பிளக்காது. இன்னொண்ணு, அந்த மக்கின உரம் ஒட்டின சந்துல தண்ணி பாயாம மெதுவா ஊறுது, காத்துக்கு நழுவ டைம் கிடைக்குது.

மண்ணாங்கட்டியும் காஞ்ச இலையும் காசிக்கு போன கதை ஆயா சொல்லியிருப்பாங்கல்ல, மழை வந்தா இலை கட்டி மேல படுத்துக்கும், காத்தடிச்சா கட்டி இலை மேல உக்காரும், ரெண்டும் சேர்ந்து வந்தப்போ ரெண்டும் காலி. அந்த இலை மட்டும் மக்கி கட்டிக்குள்ள போயிருந்தா கட்டியாவது காசி போய் சேர்ந்திருக்கும்னு எனக்கு தோணும்.

சரி, லேசான உரம் எப்படி நிக்குது? அடிச்சிட்டு போகணும்னா மேல தண்ணி ஓடணும், உரம் ஓட விடாம குடிச்சிடுது. அமெரிக்காவுல ஹைவே சரிவுல 1 லேர்ந்து 2 இன்ச் கனத்துக்கு பரப்பறாங்க, அதுவும் சலிச்ச பொடி இல்ல, மரத்துண்டு சிராய் எல்லாம் கலந்தது, ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். சரிவோட உச்சியை தாண்டி கொஞ்சம் சமதரையிலயும் போடணும், இல்லேன்னா தண்ணி உரத்துக்கு அடியில பூந்துடும். வலைக்குழாய்ல உரத்தை அடைச்சு குறுக்கால போடறதும் உண்டு, தண்ணி வடிஞ்சு போகும், வண்டல் நின்னுடும்.

அதுக்காக 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி மழைக்கு இது பதில்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஒரு கிரவுண்டு மனையில, அதாவது 2,400 சதுர அடியில, 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சாலே கிட்டத்தட்ட 11,000 லிட்டர், ஒரு பெரிய தண்ணி லாரி. மண்ணு ஊறி முடிச்சப்புறம் உரம் என்ன பண்ணும், பாவம். வருஷா வருஷம் தூர் வார காசு ஒதுக்கறோம், அந்த மண்ணு எந்தெந்த தெருவுலேர்ந்து வருதுன்னு பாக்கற ஆராய்ச்சிக்கும் அதுல கொஞ்சம் ஒதுக்கலாம்னு என் கட்சி, டம்ளர் டெஸ்ட்டுக்கு பெருசா செலவே இல்ல.

அக்கா, பிளாஸ்டிக், கண்ணாடி கலந்த குப்பையை சலிச்ச உரம் வேணாம். பாதி மக்கினதும் வேணாம், அதுல இருக்கற சத்து கால்வாய்க்கு போனா பாசிக்குத்தான் விருந்து. வீட்டுல டம்ளர் டெஸ்ட் பண்ணி பாருங்க, ஆனா கட்டி நல்லா காஞ்சிருக்கணும், ஈரக்கட்டியில காத்து அவ்ளோவா இருக்காது, ரெண்டு மண்ணுக்கும் வித்தியாசமே தெரியாம போயிடும்.