சீட்டில் விழுந்த ராணி உங்கள் நாத்தனார் இல்லை

என்னிடம் டாரட் சீட்டு பார்க்க வந்த ஒரு பெண், உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மேடம், அந்த விதவையோட திருஷ்டி போயிடுச்சான்னு பாருங்க."

ஏற்கெனவே ஆன்லைனில் யாரிடமோ டாரட் (படச் சீட்டு எடுத்துப் பலன் சொல்வது) பார்த்திருக்கிறார். பதில் வாய்ஸ் நோட்டில் வந்திருக்கிறது. "குயீன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் விழுந்திருக்கும்மா. உங்க குடும்பத்து மேல ஒரு விதவையோட கண்ணு இருக்கு. ஒதுங்கியே இருங்க." (கையில் வாளோடு இருக்கும் ராணிச் சீட்டு அது.) கணவரை இழந்த நாத்தனார் அதே வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிவந்து சோறூட்டுவதே அவர்தான். வாய்ஸ் நோட் வந்த நாளிலிருந்து குழந்தையை மாடிக்கு அனுப்புவதில்லையாம். (ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன்.)

இது ஒன்றோடு நின்றிருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நகை காணோம் என்று பார்த்த ஒரு வீட்டில் பேஜ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் வந்ததாம். "சின்ன வயசு, நோட்டம் விடுற ஆள்" என்றாராம் ரீடர், அதாவது சீட்டு பார்த்துச் சொல்பவர். மறுநாளே வேலைக்கார அம்மாவின் மகளை வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிங் ஆஃப் கப்ஸ் வந்திருக்கிறது, மாப்பிள்ளை சிவப்பாகத்தான் இருப்பார் என்று, கூடிவந்த வரனைத் தள்ளிப்போட்ட வீடும் உண்டு.

டாரட்டில் மொத்தம் 78 சீட்டு, அதில் 16 கோர்ட் கார்டு: வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கிண்ணம்), ஸ்வோர்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (காசு) என்ற நான்கு வகையிலும் கிங், குயீன், நைட் (குதிரை வீரன்), பேஜ் (ஏவலாள்) என்று நான்கு நான்கு. அதில் ஒன்று விழுந்தால் போதும், "யார் இந்த ஆள்?" என்று வீட்டுக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிடுகிறோம். ரீடர்களும் எடுத்துக் கொடுக்கிறார்கள். கேட்டால், "புக்குல அப்படித்தான் மேடம் இருக்கு."

சரி, புக்குக்கே வருவோம். இன்று நம் கைகளில் புழங்கும் சீட்டுக்கட்டுகளில் பெரும்பாலானவை 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டின் வழியில் வந்தவை. படம் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித், கையேடு எழுதியவர் ஏ.இ. வெய்ட். குயீன் ஆஃப் ஸ்வோர்ட்ஸுக்கு வெய்ட் கொடுத்த பலன்களில் கைம்மை இருக்கிறது, மறுக்கவில்லை. துக்கம், பிரிவு, இல்லாமை ஆகியவையும் கூடவே இருக்கின்றன. எல்லாமே ஒருவர் படும் பாடு. ஒரு விதவை இன்னொருத்தி குடும்பத்தின் மேல் கண் வைக்கிறாள் என்று அதில் எங்கே இருக்கிறது? கண்ணேறு நாம் தூவிய மசாலா.

நிறக் கணக்கு இதைவிட மோசம். ஆளைக் குறிக்கச் சீட்டு தேர்ந்தெடுக்கும் இடத்தில் வெய்ட் எழுதுவது இது: வாண்ட்ஸ் என்றால் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ளவர்கள். கப்ஸ் என்றால் வெளிர் பழுப்பு முடி, சாம்பல் அல்லது நீலக் கண். ஸ்வோர்ட்ஸ் என்றால் அடர் பழுப்பு முடி, மங்கிய நிறம். கறுத்த முடி, கறுத்த கண், மாநிறம் எல்லாம் பென்டகிள்ஸ். அப்படிப் பார்த்தால் கன்னியாகுமரி முதல் திருத்தணி வரை அத்தனை பேரையும் பென்டகிள்ஸின் நான்கு சீட்டுக்குள்தான் அடைக்க வேண்டும்! மீதிப் பன்னிரண்டு யாருக்கு? அதே கையேட்டில் குயீன் ஆஃப் வாண்ட்ஸுக்குப் பலன் பார்த்தால் "கறுத்த பெண்" என்று இருக்கிறது. கிங்குக்கும் அப்படியே. பொன்னிற முடி எங்கே போனது? வயதும் இதே கதைதான். நாற்பது தாண்டிய ஆணுக்கு நைட், அதற்குக் கீழே இருந்தால் கிங், இளம்பெண்ணுக்குப் பேஜ் என்கிறார் வெய்ட். நம் ரீடர்கள் கிங் என்றால் பெரியவர், நைட் என்றால் வாலிபன் என்று நேர் எதிராகச் சொல்கிறார்கள். எந்தப் புக்கைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை.

ஆண், பெண் என்பதும் கல்லில் செதுக்கியதில்லை. 15ஆம் நூற்றாண்டு மிலான் கட்டு ஒன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் பெண் நைட்டும் உண்டு, பெண் பேஜும் உண்டு.

நான் கோர்ட் கார்டில் முகத்தைப் பார்ப்பதில்லை, காரியம் நடக்கும் விதத்தைப் பார்ப்பேன். நைட்டுகளின் குதிரைகளைக் கவனியுங்கள். ஸ்வோர்ட்ஸ் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. வாண்ட்ஸ் குதிரை முன்காலைத் தூக்கி நிற்கிறது. கப்ஸ் குதிரை நிதானமாக நடக்கிறது. பென்டகிள்ஸ் குதிரை உழுத நிலத்தின் முன்னால் அசையாமல் நிற்கிறது. வேலை கேட்டு வந்தவருக்கு இந்தக் கடைசி நைட் விழுந்தால், சிபாரிசுக்கு எவரோ வரப்போகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தை நிதானமாக, ஒழுங்காகப் போடச் சொல்வேன்.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் போனில் பழைய ஸ்ப்ரெட்டின் (பலன் பார்க்கச் சீட்டுகளைப் பரப்பி வைத்த வரிசையின்) போட்டோ இருந்தது. செல்டிக் கிராஸ் என்ற பத்துச் சீட்டு அடுக்கு முறை. வலப்பக்கம் நெட்டாக அடுக்கும் நான்கில் அடியில் இருப்பது ஏழாவது இடம், கேட்பவருக்கே உரியது. சுற்றியிருப்பவர்களுக்கானது அதற்கு மேலே உள்ள எட்டாவது. ராணி இருந்தது ஏழில்! என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தேன். மறுபடி வேலைக்குப் போக ஆசை, வீட்டில் பேச்செடுக்கப் பயம், அதைத்தான் கேட்டிருக்கிறார். சீட்டை நீட்டி நீங்களே பாருங்கள் என்றேன். ஒரு கையில் நிமிர்ந்த வாள். இன்னொரு கை "வா, வந்து சொல்" என்பதுபோல் நீண்டிருக்கிறது. கிரீடத்தில் வண்ணத்துப்பூச்சிகள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேச வேண்டியவர் இவர். மாடியில் இருப்பவருக்கும் இந்தச் சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பார்க்க வருகிறவர்களே, எந்தக் கேள்விக்கு, எந்த இடத்தில் அந்தச் சீட்டு விழுந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத ரீடருக்குக் காசு கொடுக்காதீர்கள். வாய்ஸ் நோட் மட்டும் அனுப்பினால் ஸ்ப்ரெட்டின் போட்டோவையும் கேட்டு வாங்குங்கள். "யார் எடுத்தது, யார் செய்வினை வைத்தது" என்று கேட்டு என்னிடம் வராதீர்கள். சீட்டு சாட்சி சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். நகை போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். ஆளைக் காட்டிவிட்டுப் பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் அந்த நிமிடமே போனை வையுங்கள்.

கற்றுக்கொள்கிற பிள்ளைகளே, கோர்ட் கார்டு விழுந்தால் முதலில் கேட்பவருக்கே பொருத்திப் பாருங்கள். பொருந்தாவிட்டால் சூழ்நிலைக்குப் பாருங்கள். வேறொரு ஆள் என்றே தோன்றினாலும் குணத்தைச் சொல்லுங்கள். நிறம், வயது, தாலி, உறவுமுறை எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. புரியவில்லை என்று சீட்டுக்கு மேல் சீட்டு எடுத்துப் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், ஏற்கெனவே துணையை இழந்து நிற்கும் ஒருத்தியைச் சொந்த வீட்டுக்குள்ளேயே ஆகாதவளாக்கிவிடாதீர்கள்.