‘நான் இரட்சிப்பை இழந்துட்டேனா டாக்டர்?’

மேஜைமேல் வைத்ததும் அந்தப் பைபிள் தானாகவே எபிரெயர் நிருபத்தில்தான் விரிந்தது. ஆறாம் அதிகாரம் இருந்த தாள் விரல் பட்டுப் பட்டு நைந்து, ஓரமெல்லாம் செலோடேப். கொண்டு வந்தவளுக்கு 24 வயது, நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண். (அவள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) “நாலாம் வசனத்துல இருந்து வாசிங்க டாக்டர், அது என்னைப் பத்தித்தான்” என்றாள். பரிசுத்த ஆவியைப் பெற்ற பிறகு மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்பும்படி மறுபடியும் புதுப்பிப்பது ‘கூடாதகாரியம்’ என்று சொல்கிற பகுதி அது. அந்த ஒரு சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, அழித்து, மறுபடியும் போட்டு, தாளே அந்த இடத்தில் கிழிந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, திருவிருந்துக்காக முழங்கால்படியிட்டிருக்கிறாள், பக்கத்தில் இருப்பவரிடமிருந்து திராட்சரசப் பாத்திரம் தன்னிடம் வரப்போகிறது, அந்த நேரம் பார்த்து பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனதில் ஓடியது. அவள் அதை விரும்பவில்லை, வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது. அன்றிலிருந்து திருவிருந்து எடுக்கவில்லை. அந்த வார்த்தை தலைகாட்டும்போதெல்லாம் “மன்னியும் ஆண்டவரே” என்று ஏழு தடவை சொல்ல வேண்டும். ஐந்தாவதில் யாராவது கூப்பிட்டுக் கவனம் சிதறிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. குளிக்கப் போனால் ஒரு மணி நேரம். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும், ‘ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்’ என்றதும் முதல் ஆளாய்ப் போய் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ‘நான் உண்மையாகத்தான் ஒப்புக்கொடுத்தேனா’ என்று ஆரம்பிப்பாள்.

அம்மா சொன்னதுதான் எனக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது. “ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, அம்மா நான் பரலோகம் போவேனான்னு கேக்கா டாக்டர். போவம்மா, பேசாம படுன்னு சொன்னா அஞ்சு நிமிஷம் படுப்பா. அப்புறம், நீங்க எனக்காகத்தானே அப்படிச் சொன்னீங்கன்னு மறுபடியும் எழுப்புவா.”

நான் மனநல மருத்துவர், வேதபண்டிதர் இல்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் உட்கார்கிறவன், அதனால் இந்தக் கேள்வியைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் ஒருநாளும் தள்ளியதில்லை. இரட்சிக்கப்பட்டவர் அதை இழக்க முடியுமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த பதில் கிடையாது. ஆர்மீனியஸ் என்ற டச்சு வேதபண்டிதரைப் பின்பற்றியவர்கள் 1610-ல் ஹாலந்தில் எழுதிக்கொடுத்த ஐந்து கட்டுரைகளில் ஐந்தாவது இதைப் பற்றித்தான்; விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். 1618-19-ல் டோர்ட் நகரில் கூடிய சபை மன்றம், சீர்திருத்தவாதி கால்வினின் வழி நின்று, தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார், முழுவதுமாய் விழவிடமாட்டார் என்றது. அதற்குப் பிறகு வந்த ஜான் வெஸ்லி, விழ முடியும், ஆனால் திரும்பவும் வரலாம் என்று போதித்தார். கத்தோலிக்கரைக் கேட்டால், சாவான பாவம் அருளை இழக்கச் செய்யும், பாவசங்கீர்த்தனத்தில் அதைத் திரும்பப் பெறலாம் என்பார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட்களும் கால்வினின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையாரும் ஆங்கிலிக்கன்களோடு ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள், ஆக ஒரே சபையின் இரண்டு பிரசங்கபீடங்களில் இரண்டு பதில் கேட்டால் அதில் ஆச்சரியமில்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற அத்தை ஒன்று சொல்வார், பிரதரன் சபைக்குப் போகிற மாமா வேறொன்று சொல்வார். இப்படி ஒவ்வொரு பதிலையும் அந்தப் பெண் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

ஆனால் ஒன்று. ‘மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ’ என்று அழுகிறவரைப் பார்த்து, ஆமாம், உனக்கு வழியில்லை என்று சொன்ன போதகரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எந்த மரபாக இருந்தாலும் சரி. மாற்கு மூன்றாம் அதிகாரத்தில், பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பே இல்லை என்று இயேசு அந்தக் கடுமையான வார்த்தையைச் சொன்னது, தம் கண்முன் நடந்த நன்மையைப் பார்த்துவிட்டு ‘இது பிசாசின் வேலை’ என்று வேண்டுமென்றே வாய்திறந்து சொன்ன வேதபாரகரைப் பார்த்து. அதே பகுதியின் 30-ம் வசனமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. அழையாமல் மனதில் நுழைந்த ஒரு வார்த்தைக்கு நடுங்குகிறவளைப் பார்த்து அல்ல. “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை” என்பதும் அதே பைபிளில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவளுடைய பாஸ்டர் சொல்லியிருந்தார், ஒரு தடவை இல்லை, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவே நூற்றுக்கும் மேல். நல்ல மனிதர், தூக்கத்தை விட்டு எழுந்து பதில் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பதிலும் பத்து நிமிஷ நிம்மதி கொடுத்தது, அந்தப் பத்து நிமிஷ ருசிதான் அவளை அடுத்த கேள்விக்குத் தள்ளியது. அரிப்பைச் சொறிவது மாதிரி. சொறியச் சொறிய சுகம், அப்புறம் புண்.

இதற்குப் பெயர் ஓசிடி, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறோம். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது மட்டும்தான் இந்த நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். இது பக்திக்குள் நுழையும்போது கண்டுபிடிக்கவே வருஷக்கணக்காகிறது, ஏனென்றால் வெளியே பார்க்கிறவருக்கு அது ஜெபம் மாதிரியே தெரியும். உலக அளவில் 100 பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஓசிடி வருகிறது. மதம் சார்ந்த இந்த வகைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘ஸ்க்ரூப்யுலாசிட்டி’ என்ற பெயர், கூர்மையான சிறு கல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் அப்படி ஒரு கல் சிக்கினால் ஒவ்வொரு அடியும் வலிக்கும் அல்லவா, அதுதான்.

கெட்ட எண்ணம் வருவது நோய் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். 1978-ல் ராக்மனும் டி சில்வாவும் நடத்திய ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டாத, அருவருப்பான எண்ணங்கள் வந்து போவது தெரிந்தது. அவர்கள் ‘சே’ என்று விட்டுவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவர் அந்த எண்ணம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று தோண்ட ஆரம்பிக்கிறார். அதுவும் எது அவருக்கு உயிரோ அதிலேயே வந்து பிடிக்கும். பச்சைக்குழந்தையை உயிராய் நினைக்கும் தாய்க்கு ‘குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ’ என்று வரும். தொழுகைக்கு முன் ஒளூ சரியாகச் செய்தேனா என்று தண்ணீர்க் குழாயை விட்டு நகர முடியாதவரையும், கருவறை முன் நின்றால் ஆபாசமாய்த் தோன்றுகிறது என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்தியவரையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு இரட்சிப்புதான் உயிர், அதனால் அங்கேயே வந்தது.

350 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த ஜான் பனியன் என்ற மனிதருக்கும் இதே பாடு. ‘கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு’ என்று மனதுக்குள் ஓயாமல் ஒரு குரல். ‘விற்கமாட்டேன், ஆயிரம் உலகம் கொடுத்தாலும் மாட்டேன்’ என்று பதில் சொல்லிச் சொல்லி, அதைத் தள்ளிவிடுவதுபோல் கையும் முழங்கையும் அசையுமாம். ஒருநாள் களைத்துப்போன நேரத்தில் ‘வேண்டுமானால் போகட்டும்’ என்று மனம் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் தன் பிறப்புரிமையை விற்ற ஏசாவைப் போல நான் தள்ளப்பட்டவன் என்று இரண்டு வருஷம் உருகினார், அவரை வதைத்ததும் எபிரெயர் நிருபம்தான், பன்னிரண்டாம் அதிகாரம். தன் வரலாறாக இதை அவரே எழுதி 1666-ல் வெளியிட்டார். நம் நெல்லைச் சீமையின் கிருஷ்ண பிள்ளை 1894-ல் தந்த இரட்சணிய யாத்திரிகம் இதே மனிதர் எழுதிய வேறொரு கதையைத் தழுவித்தான் பிறந்தது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, “அவருக்குமா?” என்றாள்.

அப்படியானால் மனசாட்சியையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? உண்மையாகவே ஒரு தவறு செய்தவர் என்ன செய்தேன் என்று தெளிவாகச் சொல்வார், அறிக்கையிட்டு, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்தால் மனது அடங்கும். அவருக்கு மாத்திரை வேண்டாம், போதகரே போதும். ஓசிடி உள்ளவர் நூறு தடவை அறிக்கையிட்டாலும் அடங்காது, ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்பார், ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகும், படிப்பும் வேலையும் கெடும். மூன்றாவது ஒரு நிலை இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. அவர் கேள்வியே கேட்கமாட்டார். ‘என் கதை முடிஞ்சுது, தேவன் என்னைக் கைவிட்டுட்டார்’ என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். இது கடும் மனச்சோர்வாக இருக்கலாம், தற்கொலை வரை கொண்டுபோய்விடும். உபவாச ஜெபம் முடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அவளுக்கு மருந்து தொடங்கினோம். ஓசிடிக்கு மருந்து முழுதாய் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு ‘கேக்கல’ என்று சொல்வதில் பயனில்லை. கூடவே, பயத்தை எதிர்கொண்டு, சடங்கை மட்டும் செய்யாமல் இருக்கும் பயிற்சி. தேவதூஷணம் சொல்லச் சொல்லிவிடுவார்களோ என்று அம்மா பயந்தார். அப்படி எதுவும் இல்லை, மற்ற விசுவாசிகள் சாதாரணமாகச் செய்வதைத்தான் செய்யச் சொன்னோம். எபிரெயர் ஆறை ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு மூடி வைப்பது. அந்த வார்த்தை வந்தால் ‘மன்னியும்’ சொல்லாமல் அப்படியே காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பது. முதல் நாள் நாற்பது நிமிஷம் கை நடுங்கியதாம், பத்தாவது நாள் ஐந்து நிமிஷம். பாஸ்டரையும் வரவழைத்துப் பேசினேன். அதற்குப் பிறகு அவள் கேட்டால் அவர் அனுப்பிய பதில், “இதுக்கு ஏற்கெனவே சொல்லிட்டேன்மா. சாப்பிட்டியா?” அவ்வளவுதான். அவருக்கு அது கல்நெஞ்சமாய்த் தோன்றியது, ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய உதவி அதுதான்.

போதகர்களிடம் ஒரு விண்ணப்பம்: மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று தயவுசெய்து பிரசங்கத்தில் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் அவள் வந்தபோது, அந்த வார்த்தை இன்னும் வருகிறதா என்று கேட்டேன். “வருது டாக்டர், போன ஞாயிறுகூட, பாத்திரம் வர்ற நேரம் பார்த்து வந்துச்சு” என்றாள்.

“என்னம்மா செஞ்சே?”

“குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.”