கும்மிக்குப் போகலாமா, டாக்டர்?

தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் முதியவர்களிடம் சர்க்கரை நோய் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவை. காலையில் எத்தனை இட்லி, ராத்திரிக்கு என்ன, காபியில் சர்க்கரை உண்டா என்று கேட்போம். சாப்பிடும் நேரம் போக மீதிப் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, இரவில் சர்க்கரை இறங்கிவிடுமா, காலில் புண் வருமா என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது அந்த மீதிப் பொழுதுதான்.

சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டார் செய்யும் முதல் காரியம், பெரியவர்களின் வேலையை நிறுத்துவது. "இனிமேல் அம்மா ஒன்றும் செய்ய வேண்டியதில்லைங்க டாக்டர், ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டோமுங்க" என்று திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பெருமையோடு சொல்வார். அம்மா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அடுத்த சில மாதங்களில் அவருடைய சர்க்கரை அளவு ஏறும். சாப்பாடு அதேதான், மாத்திரையும் அதேதான். குறைந்தது, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் வெள்ளாட்டுக்குப் பின்னால் நடந்த நடைதான்.

தசை இயங்கும்போது, இன்சுலின் தயவு இல்லாமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்யும். வயதாக ஆகத் தசை தானாகவே கரையும். கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்தால் இன்னும் வேகமாகக் கரையும். அப்புறம் மாத்திரை ஒன்று கூடும். ஆடு விற்ற பணம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்துக் கடைக்குப் போய்ச் சேரும். பட்டி நிறைய ஆடு வேண்டாம், இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னால் மகன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஆடு வளர்க்க முடியாதவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் களத்திலோ வாசலிலோ நடக்கலாம். சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை அது நன்றாகவே மட்டுப்படுத்தும்.

இப்போது கும்மிக்கு வருகிறேன். முருகன்–வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி எங்கள் பக்கத்தில் மீண்டும் தழைத்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன், வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவருக்கு வயது 87. வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று கோயில் மைதானத்தில் பேத்தியோடு சேர்ந்து அடி எடுத்து வைக்கும் அம்மிச்சிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். "எனக்குச் சர்க்கரை இருக்கிறது கண்ணு, கும்மிக்குப் போகலாமா?" என்று கேட்பவர்களிடம் தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். நடை, கைதட்டல், குனிந்து நிமிர்வது, பாட்டையும் அடவையும் நினைவில் வைப்பது, நாலு பேரோடு சிரிப்பது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இத்தனையையும் சேர்த்துத் தரும் மாத்திரை என்னிடம் கிடையாது.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. பயிற்சி பெரும்பாலும் மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணி வரை நடக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்ன கிளிமிப்ரைடு மாத்திரையை வழக்கம்போல ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆடி முடித்து, பேசி, வீடு வந்து தட்டின் முன் உட்கார ஒன்பதரை ஆகிவிடும். மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, தசை குளுக்கோஸை இழுக்கிறது, வயிற்றிலோ ஒன்றும் இல்லை. எட்டரை மணிக்கு வட்டத்தில் ஒருவர் தடுமாறினால் வயதாகிவிட்டது என்கிறார்கள். ஆகவே இந்த வகை மாத்திரையைக் கடிகாரத்தைப் பார்த்துப் போடாதீர்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினுக்கும் நேரக்கணக்கு உண்டு, அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இன்சுலின் அல்லது கிளிமிப்ரைடு போன்ற மருந்து எடுப்பவர்கள் ஆடுவதற்கு முன் விரல் நுனியில் சோதித்து, 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு இறங்கலாம். அரங்கேற்றம் பல மணி நேரம் நீளும். அன்றைக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. ஆட்டத்தின் விளைவாகச் சர்க்கரை நள்ளிரவிலும் இறங்கலாம் என்பதால் அன்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. இளைஞர்களுக்குக் கை நடுக்கமும் படபடப்பும் வந்து எச்சரிக்கும். முதியவர்களுக்கு அந்த எச்சரிக்கை மங்கிப்போய்விடும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரலால் போன்ற மாத்திரை போடுபவர்களுக்கு இன்னும் மங்கலாக இருக்கும். திடீரென்று வியர்ப்பது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, கண் இருட்டுவது ஆகியவை அடையாளம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். ஏறிய பிறகு சாப்பாடு கொடுங்கள். பலரும் இடுப்புப் பையில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறார்கள். நிலக்கடலையின் எண்ணெய் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு அது உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கும்மி ஆசிரியர்கள் பயிற்சி இடத்தில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருந்தால் புண்ணியமாகப் போகும்.

கால் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். கும்மி வெறுங்காலில்தான் ஆடப்படுகிறது. கல்லும் கண்ணாடியும் பொறுக்கிய, விளக்கு வெளிச்சம் உள்ள தரை என்றால் பரவாயில்லை. ஆனால் பாத உணர்வு குறைந்தவர்கள் ஆட்டத்துக்கும் பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும் காலணி போட்டுத்தான் ஆக வேண்டும். உணர்வு இருக்கிறதா என்று அறிய, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்துப் பார்ப்போம். வலியில்லாத, சில நிமிடச் சோதனை. ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் உள்ள கொறங்காட்டில், தேய்ந்த ரப்பர் செருப்பை முள் துளைத்து ஏறிவிடும். உணர்வுள்ளவர் உடனே உட்கார்ந்து பிடுங்குவார். உணர்வில்லாதவர் அந்த முள்ளோடு ஒரு வாரம் நடந்து, நாற்றம் வந்த பிறகு என்னிடம் வருவார். நோயாளிகள் மரியாதைக்காகச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். நான் பார்க்க வேண்டிய முக்கியமான பொருள் அது. போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள். கெட்டியான அடிப்பாகமும், உள்ளே எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் பட்டையும், குதிகாலில் வாரும் உள்ள செருப்புத்தான் தோட்டத்துக்கு ஏற்றது. கால் வலிக்கிறது என்று உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைப்பதையும் விட்டுவிடுங்கள். சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழனி பாதயாத்திரைக்கும் இதே கணக்குதான். தைப்பூசத்துக்காவது பனிக்காலம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி எடுத்துப் போகும்போது தார்ச்சாலை கொதிக்கும். காலணி போட்டு நடந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். வழியெல்லாம் அன்னதானம் உண்டு, ஆனால் எந்த நேரத்தில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே மாத்திரை அளவைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டு தலை சுற்றும். மாலையில் ஒருவருக்கொருவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று சோதிக்கும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களோடு போங்கள்.

தீ மிதிக்கும் குண்டம் இறங்குவதற்கு மட்டும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பண்ணாரியாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர் மாரியம்மன் கோயிலாக இருந்தாலும் சரி. பாத உணர்வு இல்லாதவர் தணலில் எவ்வளவு நேரம் கால் வைத்தோம் என்பதை அறியமாட்டார், வெந்ததையும் அறியமாட்டார், அந்தப் புண் எளிதில் ஆறவும் ஆறாது. வேண்டுதலை மாவிளக்காகவோ பொங்கலாகவோ மாற்றிக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் கேட்கலாம். கேட்டு மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

உட்கார்ந்த பொழுதுபோக்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேப்பமரத்தடியில் தாயமோ சீட்டோ ஆடுங்கள், தனிமைக்கு அது மருந்து. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் வரும் டீயை எண்ணுங்கள். நாட்டுச் சர்க்கரை போட்ட டீயும் சர்க்கரை போட்ட டீதான், கவுந்தப்பாடியிலிருந்து வந்தாலும்.

கோலம் போடும்போது தோள் தூக்க முடியவில்லை, பூக்கட்டும்போது விரல் மடங்கி மாட்டிக்கொள்கிறது என்று வருபவர்கள் அதை வயோதிகம் என்றே நினைக்கிறார்கள். தோள் இறுக்கமும் விரல் சிக்கலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். தொடக்கத்திலேயே பிசியோதெரபிக்கு வந்தால் பலன் கிடைக்கும். செய்தித்தாள் எழுத்து மங்கினால் உடனே கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். சிகிச்சை தொடங்கிச் சர்க்கரை வேகமாகக் குறையும்போது கண்ணின் பார்வைத் திறன் சில வாரங்களுக்கு மாறிக்கொண்டே இருக்கும். விழித்திரைப் பரிசோதனை மட்டும் ஆண்டுதோறும் தவறக் கூடாது.

கடைசியாக, தொலைபேசியில் பேசும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, அப்பாவுக்கு ஏன் 6-க்கு வரவில்லை என்று கேட்கிறீர்கள். ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5 வரை போதும். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று பலதும் உள்ளவருக்கு 8-க்குக் கீழ் இருந்தாலே திருப்தி. இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுக்கும் 80 வயதுக்காரருக்கு 6.2 வந்தால் எனக்குக் கவலை வருகிறது, ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறதோ என்று. அப்போது நான் மாத்திரையைக் குறைப்பேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்ட் முதல், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தனியார் மருத்துவர் எழுதியதும் வீட்டுக்கு வந்ததும் ஒரே மருந்தாக இருந்து, இரண்டு அட்டையிலிருந்தும் தினமும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.